நான் போட்ட பதினொரு துக்கம்

நான் ஆலந்தலையில் பதினொரு பேரைச் சாகடித்திருக்கிறேன்.

பதறாதீர்கள்! கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் மாடியறையில், ஏசிக் காற்றில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே செய்தேன். செத்தவர்களுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. அவர்கள் பிறக்கவே இல்லை. ஆனால் அவர்களுடைய சாவால் உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனும் மனுஷியும்... இருங்கள், இப்படி அவசரப்பட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. முதலில் இருந்து சொல்கிறேன். இரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாத விஷயம். நீங்கள் யாரோ, எவரோ. அதனால்தான் சொல்வதற்கு வாய் வருகிறது.

என் பெயர் பியூலா. சொந்த ஊர் நாசரேத். அப்பா கணக்கு வாத்தியார். தப்பான விடையைச் சிவப்பு மையால் சுழித்து, அந்தப் பக்கத்தை வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். சின்ன வயதிலிருந்தே சிவப்பைக் கண்டால் எனக்கு ஆகாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

எங்கள் பேக்கரிக்கு அப்போது ஆறு கிளைகள். தூத்துக்குடியில் இரண்டு, ஓட்டப்பிடாரம், ஆத்தூர், திருச்செந்தூர், ஆலந்தலை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. எந்தக் கிளையில், எந்த நாளில், யார் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று ஷிப்டு போடுவது என் வேலை. முதலாளி அண்ணாச்சி சாத்தான்குளத்துக்காரர். ஒரு நாள் அவருடைய மருமகன் சொன்னான் என்று ஒரு சாப்ட்வேரை வாங்கிப் போட்டார். அதுவரை நீளநோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தத் திரையைப் பார்த்த முதல் நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை... அவ்வளவு சந்தோஷம்!

இடப்பக்கம் கிளைகள். மேலே தேதிகள். ஆள் நிறைந்த கட்டம் பச்சை. ஆள் குறைந்த கட்டம் சிவப்பு. ஒருவர் பெயரை இழுத்து இன்னொரு கட்டத்தில் விட்டால் அவருடைய போனில் அந்த நிமிஷமே செய்தி போய் விழும். கூப்பிட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். விரலை அசைத்தால் ஓட்டப்பிடாரத்தில் ஒருவர் எழுந்து நிற்பார்!

அண்ணாச்சி காலையில் திருநீறு பூசியதும் போனில் அந்தத் திரையைத் திறப்பார். ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார். சத்தம் போடமாட்டார். "என்னளா பியூலா, செவப்பா கெடக்கு" என்பார். அவ்வளவுதான். அன்றைக்குப் பூராவும் எனக்கு வேலை ஓடாது.

இனி மேரியக்காவைச் சொல்ல வேண்டும். ஆலந்தலைக் கிளையின் பொறுப்பாளர். கடை என்றால் ஒரே ஒரு அறை, ஒரு கண்ணாடிப் பெட்டி, டீ பாய்லர். மேரியக்காவும், அவருக்குத் துணையாகப் பிரேமா என்ற பெண்ணும். கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பன்னும் டீயுமாக அங்கேதான் நிற்பார்கள். ஆறு கிளைகளிலும் அதுதான் சிறியது. ஆனால் நஷ்டம் இல்லை... இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மேரியக்கா என்னிடம் ஒன்று கேட்டார். வேறு ஊருக்கு மாற்றிவிடக்கூடாது என்று. அவருடைய வீட்டுக்காரர் சேவியர் சங்கு குளிக்கப் போனவர். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த ஒரு நாளில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கட்டிலோடு கிடக்கிறார். மணிக்கணக்காக ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். யாராவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வீடு, கடைக்குப் பின்தெரு.

"நடுவுல ரெண்டு தடவ அஞ்சு நிமிசம் ஓடிட்டு வந்தாப் போதும் மேடம். அதுக்குத்தான் இந்தக் கடை" என்றார்.

ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. எனக்குத் தெரியும்! முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மேரியக்கா கூப்பிட்டார். ஊரில் ஒரு துக்கமாம். கடற்கரை ஊர்களில் ஒருவர் இறந்துவிட்டால் அடக்கம் முடியும்வரை வள்ளத்தைக் கடலில் இறக்கமாட்டார்கள், கடை திறக்கமாட்டார்கள். நாசரேத்துக்காரியான எனக்கு அது புதிது. சாப்ட்வேரில் 'கிளை மூடல்' என்று ஒரு பொத்தான் உண்டு. தேதி, காரணம், அண்ணாச்சியின் ஒப்புதல் மூன்றும் கேட்கும். காரணப் பட்டியலில் புயல், மின்தடை, பராமரிப்பு என்றுதான் இருந்தது. 'ஊரில் துக்கம்' என்று நானே ஒன்றைச் சேர்த்தேன். அனுப்பிவிட்டுத் தயங்கித் தயங்கி அண்ணாச்சியைக் கூப்பிட்டால்...

"இதுக்கெல்லாம் என்ட்ட கேப்பியா? ஊரப் பகச்சுட்டு யாவாரம் ஓடுமா? மூடச் சொல்லு" என்றார். அப்போதே ஒப்புதலைத் தட்டிவிட்டார்.

மின்தடை என்று போட்டால் மின்வாரியத்தில் விசாரிப்பார். பராமரிப்பு என்று போட்டால் யார் வந்தார்கள், எதைக் கழற்றினார்கள் என்று கேட்பார். துக்கத்துக்கு ஒரு கேள்வி கிடையாது! சாவை யாராவது குறுக்கு விசாரணை செய்வார்களா?

அந்தப் பொத்தானை அமுக்கியதும் இன்னொன்றையும் கண்டேன். கிளையை மூடினால் அந்த நாளுக்கான கட்டங்கள் மறைந்துபோகின்றன. அங்கே இருக்க வேண்டியவர்கள் 'ஓய்வில் உள்ளோர்' பட்டியலில் வந்து நிற்கிறார்கள். அவர்களை இழுத்து வேறு எங்கே வேண்டுமானாலும் போடலாம்! நான் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பார்த்துவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். முகூர்த்த நாள். திருச்செந்தூரில் கோயிலைச் சுற்றிக் கூட்டம் தள்ளும். அந்தக் கிளைப் பெண்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வரமுடியாது என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணி. திரையில் திருச்செந்தூர் சிவப்பு! யாரைக் கூப்பிட்டாலும் ஏதோ ஒரு காரணம். ஒருத்திக்குச் சீமந்தம், ஒருத்திக்குக் காய்ச்சல். நாளை காலை திருநீற்றுக் கையோடு அண்ணாச்சி போனைத் திறப்பார்...

ஆலந்தலை. கிளை மூடல். காரணம்: ஊரில் துக்கம்.

தட்டினேன்!

அண்ணாச்சியின் ஒப்புதல் அரை நிமிஷத்தில் வந்தது. மேரியக்காவையும் பிரேமாவையும் இழுத்துத் திருச்செந்தூரில் விட்டேன். சிவப்பு போயே போய்விட்டது. மேலிருந்து கீழ்வரை, இடமிருந்து வலம்வரை பச்சை! எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினேன். கீழே போய் இரண்டு தேங்காய் பன் வாங்கித் தின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு என் மனதில் மேரியக்கா இல்லை, சேவியர் இல்லை, சாவு இல்லை. எனக்கு மூளை இருக்கிறது என்கிற குஷி மட்டும்தான் இருந்தது.

குற்றம் செய்தால் கை நடுங்கும் என்பார்கள். யார் சொன்னது? எனக்குப் பசித்தது!

மேரியக்கா போனில் கேட்டார், நாளைக்குக் கடையை எதற்கு மூடுகிறோம் என்று. காரணம் தலைமை அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும், ஊழியர்களின் போனில் 'கிளை மூடப்பட்டுள்ளது' என்பதோடு நின்றுவிடும். மேலிடத்து உத்தரவு அக்கா, எனக்கே தெரியாது என்றேன். "சரி மேடம்" என்று வைத்துவிட்டார். வீட்டுக்காரரை யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு... என்னத்தைச் சொல்ல! ருசி கண்டுவிட்டேன். எங்கே ஓட்டை விழுந்தாலும் ஆலந்தலையில் ஒருவரைச் சாகடித்து அதை அடைப்பேன். அதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன் தெரியுமா? ஒரே வாரத்தில் இரண்டு சாவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கோயில் திருவிழா நாட்களில் கிடையாது. 'குறிப்பு' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 'முதியவர், நீண்டநாள் சுகவீனம்' என்று எழுதுவேன். சின்ன வயதுக்காரர்களைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை இரக்கம் பாருங்கள் எனக்கு!

ஒரு முறை மாட்டியே இருப்பேன். ஐந்தாவது சாவோ ஆறாவதோ. அண்ணாச்சி வேறு சோலியாகத் திருச்செந்தூர் போனவர், அது முடிந்து காரில் ஏறியதும் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில்தானே ஆலந்தலை, ஒரு மாலையை வாங்கிக்கொண்டு துஷ்டி கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன், எந்த வீடு என்று கேள் என்றார். காரில் அவர் போய்க்கொண்டிருக்கிறார். ஊரில் பிணம் இல்லை! வள்ளங்கள் கடலில் இருக்கின்றன. எங்கள் கடை ஒன்றுதான் பூட்டிக் கிடக்கிறது.

"அடக்கம் முடிஞ்சுட்டு அண்ணாச்சி. சீக்கிரமே எடுத்துட்டாங்களாம்" என்றேன்.

"அடப் பாவமே. சரி, வண்டியத் திருப்புலே" என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது.

போனை வைத்ததும் நான் பயந்து அழுதேன் என்று நினைக்கிறீர்களா? சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். தப்பித்துவிட்டேன் என்கிற அந்தத் துள்ளல் இருக்கிறதே... இப்போது எழுதும்போதும் உடம்பு ஒரு தரம் சிலிர்க்கிறது. இதையும் சேர்த்துத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். செய்ததற்காக மட்டும் அல்ல, அது எனக்குப் பிடித்திருந்ததற்காகவும்.

ஆலந்தலையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிரேமாதான் ஒரு தரம் சொன்னாள். கடை எந்த நாள் திறக்கும், எந்த நாள் திறக்காது என்று தெரியாததால் ஆட்கள் வேறு டீக்கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார்களாம். "தொறந்திருக்கும்னு நிச்சயம் இல்லியே அக்கா, அதான்" என்றாள். சேவியர் அண்ணனுக்கு முதுகில் புண் கண்டிருக்கிறது என்றும் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாள் மீன் விற்கப் போய்விடுகிறாள், மேரியக்கா வெளியூர்க் கடையில் நிற்கிற நாட்களில் அவர் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே பக்கமாகக் கிடக்கிறார்.

அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம். அன்றைக்காவது! ஒரு வாரம் நிறுத்தினேன். பிறகு ஆத்தூரில் ஒரு பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள். திரை சிவந்துவிட்டது.

வருஷக் கடைசியில் கூட்டம். மேசையைச் சுற்றி அண்ணாச்சி, அவருடைய மருமகன், நான், பேக்கிங் மேஸ்திரி. சாப்ட்வேரிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அறிக்கை எடுத்திருந்தான் மருமகன். ஆலந்தலையை வாசித்தான். மூடிய நாட்கள், ஊரில் துக்கம்: பதினான்கு. அதில் மூன்று பேர் உண்மையாகவே இறந்தவர்கள், கர்த்தர் அவர்களுக்கு இளைப்பாறுதல் தரட்டும். மீதி என்னுடையவர்கள்.

"ஏளா, இப்படியே போனா அந்த ஊர்ல ஆள் மிஞ்சாதே" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... ஐயோ, நானும் சிரித்தேன்!

பிறகு அவர் முகம் மாறிவிட்டது. பாவம், ஒரே வருஷத்தில் இத்தனை சாவு என்றால் அந்தச் சனங்கள் எப்படி வாங்கித் தின்பார்கள், விற்பனையும் பாதியாகிவிட்டது, அதை மூடிவிடுவதுதான் மரியாதை என்றார். மேரி நல்ல பொம்பளை, அவளை விட்டுவிடாதே, வேறு எங்கேயாவது போடு என்று என்னிடம் சொன்னார். அதோடு, வருஷம் முழுக்க ஒரு சிவப்புகூட இல்லாமல் பார்த்துக்கொண்டாய் என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். மேனேஜர் என்று கதவில் எனக்குப் பலகை மாட்டச் சொன்னார்.

வாயைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? டீ வந்தது, குடித்தோம், டம்ளரை எடுத்துப் போனார்கள். அத்தனை நேரம் இருந்தது. அண்ணாச்சி, அந்த ஊரில் யாரும் சாகவில்லை, நான்தான் பொய் போட்டேன் என்று ஒரே ஒரு வாக்கியம். கடை பிழைத்திருக்கும். என் வேலைதான் போயிருக்கும். நாசரேத்தில் அப்பா முன்னால் போய் நின்றிருப்பேன். அவ்வளவுதானே? அந்த அவ்வளவுதான் எனக்கு மலையாக இருந்தது.

'நிரந்தர மூடல்' என்று வேறொரு பொத்தான் இருக்கிறது. அதையும் அமுக்கியது நான்தான். மேரியக்காவுக்குக் கடிதம் அடித்ததும் நான்தான். 'விற்பனை போதாமையால் கிளை மூடப்படுகிறது, தாங்கள் ஆத்தூர்க் கிளைக்கு மாற்றப்படுகிறீர்கள்.' திருச்செந்தூரில் இடம் இல்லை. இரண்டு பஸ் மாறி ஆத்தூர் போக வேண்டும்.

மேரியக்கா போன் செய்தார். சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன்.

"உங்க புண்ணியத்துல வேலையாவது நின்னுச்சு மேடம். நீங்கதான் பேசிருப்பீயன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

இல்லை என்று நான் மறுக்கவில்லை.

மறுவாரம் ஆலந்தலைக்கு நானே போக வேண்டியிருந்தது. கடையில் இருந்த பில் மிஷினை எடுத்து வரவேண்டும். சாவி வீட்டில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் மட்டும்தான் இருப்பார் என்று மேரியக்கா ஆத்தூரிலிருந்து சொன்னார். முற்பகல் பதினொரு மணி. கதவு சும்மா சாத்தியிருந்தது. சேவியர் அண்ணன் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தார். தோளும் கையும் மட்டும் இன்னும் கடலுக்குப் போகிறவருடையவை. தலைமாட்டில் தண்ணீர்ப் பாட்டில், போன், ஜெபமாலை. முதுகில் கட்டு.

யார் என்று சொன்னேன். ஆபீஸ் மேடமா, வாங்க வாங்க என்று எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார், கொஞ்சம் இந்தப் பக்கமாகப் புரட்டிவிட முடியுமா என்று. காலை ஆறரைக்கு மேரி போனதிலிருந்து இப்படியே கிடக்கிறாராம்.

புரட்டினேன். எனக்குப் பழக்கம் இல்லை. எங்கே பிடிப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எத்தனை கனம்! முட்டுக்கொடுத்துத் தலையணையை வைத்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் கண்ணை மூடி, "ஆ... மாதாவே" என்றார். சுகத்தில் சொன்னது அது. இதைத்தானே மேரியக்கா ஐந்து நிமிஷத்தில் ஓடி வந்து செய்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தொண்டைவரை வந்துவிட்டது... நிஜமாகவே வந்தது!

அதற்குள் அவர் பேசத் தொடங்கினார்.

"கடையை மூடினதுக்கு அவளத்தான் ஏசினேன் மேடம். யாவாரம் இல்லன்னு தாள்ல போட்டிருக்குல்லா. வந்தவங்கட்ட மூஞ்சியக் காட்டியிருப்பா, ஆளு வராமப் போச்சுன்னு ஏசிப்புட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளா எங்கிட்டப் பேச்சு இல்ல."

ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்துப் பையில் போட்டேன்.

"நீங்க ஆபீஸ்ல இருக்கீய. நீங்களே சொல்லுங்க. அவ கடைய ஒழுங்காப் பாத்தாளா இல்லியா?"

"நல்லாப் பாத்தாங்க அண்ணே" என்றேன். அது உண்மை. அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே உண்மை.

அவர் என் முகத்தையே பார்த்தார். "பொறவு எதுக்கு மூடினாவ?"

கேட்டது கோபத்தில் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்கு யோசிக்க நாள் முழுக்க நேரம் இருக்கிறது, ஒரு விடை கிடைத்தால் போதும் என்பதுபோல் காத்திருந்தார். நான் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலம் மேரியக்கா வீட்டுக்குள் நுழையும்போது அவர் கையைப் பிடித்திருப்பார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணே என்றேன்.

தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கு எட்டுகிற பக்கமாக மாற்றி வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வழியாகப் போன இரண்டு பேர், கடையைத் திரும்பத் திறக்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள்.

நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டுங்கள்! ஒருவராவது திட்டினால் தேவலை. அண்ணாச்சி பாராட்டுகிறார், மேரியக்கா கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்புகிறார். டப்பாவை நான் திறப்பதில்லை, கீழே மேஸ்திரியிடம் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் திருச்செந்தூரில் ஓர் இடம் காலியானது. மேரியக்காவை அங்கே போடலாம், ஒரு பஸ் மிச்சம். போட்டால் ஆத்தூர் சிவப்பாகிவிடும். வேறு ஆள் கிடைக்கட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. திரையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எல்லாம் பச்சை. ஆத்தூர், காலை எட்டு முதல் மாலை ஆறு, மேரி. இந்நேரம் அவர் கல்லாவில் நிற்பார். சேவியர் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மேரிதான் கடையைக் கெடுத்தாள் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார்.